இரண்டு இன்ச் விட்டுத் தைத்த சட்டைகள்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "சிக்னல் சரியில்ல, அப்புறம் பேசுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. காட்டூரில் நம் வீட்டு மாடியில் நின்றால் அதற்கு ஒரு குறைச்சலும் இல்லை என்பது உனக்கே தெரியும். எனக்குத்தான் வாய் வரவில்லை. மூன்று நாளாக உங்க அம்மா, "என்ன யோசனை? சாப்பாடு ஆறிப்போகுது" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நேரில் சொன்னால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன். போனில் சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஓசூரில் ஷிஃப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டுப் பொறுமையாகப் படி.

கல்யாணத்துக்கு என்ன உடுத்துவது என்று ஆளாளுக்குச் சொன்னதை எல்லாம் மொபைலில் குறித்து வைத்திருந்து அன்று எனக்கு வாசித்துக் காட்டினாய். உடம்பு பெருத்தவர்கள் தொளதொளவென்று போட்டால் இன்னும் பெருத்துத் தெரியும், கோட்டு சூட்டாக உடம்போடு பிடித்துத் தைக்க வேண்டும் என்றான் உன் கம்பெனி நண்பன். பிடித்துத் தைத்தால் வயிறு தனியாகத் தெரியும், லூசாக ஒரு ஷெர்வானி போடு என்றார் உன் சித்தப்பா. பெரிய பூப்போட்ட துணி கூடவே கூடாது என்று ஒரு வீடியோவில் ஒரு பெண் சொன்னாள். சின்னப் பூதான் கூடாது, பெரிய ஆளுக்குப் பெரிய பூதான் எடுக்கும் என்று இன்னொரு வீடியோவில் ஒரு பையன் சொன்னான். உயரம் குறைவாக இருப்பதால் மேலும் கீழும் ஒரே நிறம் என்றது ஒரு கட்சி, வயிறு இருப்பதால் மேலே ஒன்று கீழே ஒன்று என்றது எதிர்க்கட்சி. இதற்கு நடுவில் திருவானைக்காவலில் இருந்து பெண் வீட்டார் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை முகூர்த்தத்தில் சட்டை போட மாட்டார், பட்டு வேட்டி, மேலே ஒரு அங்கவஸ்திரம், அவ்வளவுதான். ஆனால் கட்டாயம் இல்லை, இப்போதெல்லாம் சில பேர் சட்டையோடும் உட்காருகிறார்கள் என்று. இத்தனையையும் சிரித்துக்கொண்டேதான் வாசித்தாய். கடைசியில் மட்டும் உன் குரல் மாறியது. "நீங்க இருபத்தாறு வருஷம் துணிக்கடையில இருந்தவர்ப்பா. நீங்க சொல்லுங்க. நான் சட்டையோட உக்காரவா, சட்டை இல்லாம உக்காரவா?"

இந்தக் கேள்வியை நீ என்னிடம் கேட்பாய் என்று நான் நினைக்கவே இல்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் நீ கேட்கலாம், என்னிடம் மட்டும் கேட்கக்கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

மலைக்கோட்டைக்குக் கீழே நான் வேலை பார்த்த கடையில் ஆண்கள் துணிப் பிரிவு முதல் மாடியில் இருந்தது. படியேறி வருகிறவர் மூச்சு வாங்கும் விதத்தை வைத்தே அவர் உடம்பு எப்படி என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆள் மேலே வந்து சேர்வதற்குள் என்ன சொல்வது என்று வாயில் தயாராக இருக்கும். ஒல்லி என்றால் கட்டம் போட்ட துணி. தடிமன் என்றால் மேலிருந்து கீழே ஓடும் கோடு. குள்ளம் என்றால் பொடிக்கட்டம். மாநிறத்துக்குக் குறைவு என்றால் வெளிர் நிறம். எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. இந்த ஞானம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? திங்கட்கிழமை காலையில் கடை திறப்பதற்கு முன் முதலாளி ஒவ்வொரு அலமாரியாகப் பார்த்துக்கொண்டு வருவார். ஏதாவது ஒரு ரகம் தேங்கிக் கிடந்தால் நின்றுவிடுவார். "இந்தக் கோடு போகவே மாட்டேங்குதே. இந்த வாரம் தடிச்ச ஆளு யார் வந்தாலும் இதை எடுத்துப் போடுங்க. கோடு போட்டா ஒல்லியா தெரியும்னு சொல்லுங்க." இரண்டு மாதம் கழித்துக் கட்டம் தேங்கும். "கோடுன்னா வயித்துக்கிட்ட வளைஞ்சு காட்டிக் குடுத்துடும். கட்டம்தான் மறைக்கும்னு சொல்லுங்க." கோடு வாங்கிப்போன அதே ஆளிடம் கட்டமும் விற்றிருக்கிறேன். அவரும் நம்பி வாங்கிக்கொண்டு போனார். அவருடைய வயிறு இரண்டு தடவையும் அதே வயிறுதான். கண்ணாடியைக்கூட அடியில் ஒரு கட்டை வைத்துச் சற்றுச் சாய்த்துத்தான் நிறுத்தியிருந்தோம், பார்க்கிறவர் ஒரு விரற்கடை உயரமாகத் தெரிவார் என்று.

அந்தக் கடையில் என்னைத் திகைக்க வைத்த ஒரு நாளும் உண்டு. அதை உனக்குச் சொன்னதே இல்லை. பாலக்கரையில் இருந்து ஒரு லாரிக்காரர் வந்தார். நம் வீட்டு நிலைக்கதவில் நேராக நுழைய முடியாது, அப்படி ஒரு ஆகிருதி. வந்ததும், மேல் தட்டில் ஒரு வருடமாக யாரும் தொடாமல் கிடந்த கிளிப்பச்சைத் துணியைக் காட்டி எடுக்கச் சொன்னார். உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கோடுகள், அதுவும் குறுக்கே ஓடுகிற கோடுகள். எனக்கே சங்கடமாக இருந்தது. "அண்ணே, இது உங்களுக்கு எடுக்காது. குறுக்குக் கோடு இன்னும் அகலமா காட்டும்" என்றேன். "அகலமாத்தானே இருக்கேன்? காட்டட்டும்" என்றார். துணியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கி வாசல் வெளிச்சத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். அந்த வெயிலில் அந்தப் பச்சையோடு அவர் திரும்பி நின்றதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எதிர்வரிசையில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தெருவில் போனவர்கள் தாமாகவே விலகி நடந்தார்கள். ஒரு மனிதர் தன் உடம்பு முழுவதிலும் குடியிருப்பதை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். ராத்திரி வந்து உங்க அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நீங்க எல்லாருக்கும் சொல்றதெல்லாம் பொய்யா?" என்று கேட்டாள். "அவரு ஒரு தனி ரகம், எல்லாருக்கும் அது வராது" என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

இவ்வளவு தெரிந்தவன்தானே நான்? கடையில் பேசுவது சரக்கைத் தள்ளிவிடுகிற பேச்சு என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? அப்படியிருந்தும் வீட்டுக்கு வந்ததும் அதே பேச்சை உன்னிடம் வேதவாக்கு மாதிரிச் சொன்னேன். விற்றுவிற்று நானே வாங்கிவிட்டேன் போலிருக்கிறது. என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி என்னைப் பார்த்து, "எலும்பு தெரியுற ஆளு துணி எடுத்துப் போட்டா யாருய்யா வாங்குவா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். மறுநாளில் இருந்து சட்டைக்குள் இரண்டு பனியன் போட ஆரம்பித்தேன், கொஞ்சம் சதைப்பிடிப்பாகத் தெரியட்டும் என்று. திருச்சி வெயிலில், சித்திரை மாதத்தில், இன்றைக்கும் இரண்டு பனியன்தான். கொடியில் எனக்கு மட்டும் ஏன் இத்தனை பனியன் காய்கிறது என்று நீ சின்ன வயதில் கேட்டாய். வேர்வை அதிகம் என்று சொன்னேன்.

இனி அந்த ஆடிப் பதினெட்டுக்கு வருகிறேன். நீ மறந்திருக்க மாட்டாய். உனக்குப் பதின்மூன்று வயது. ஆற்றில் புதுத்தண்ணீர். அம்மா மண்டபம் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. உன் பெரியம்மா பிள்ளைகள் எல்லாம் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நீயும் சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினாய். பக்கத்துப் படியில் எங்கள் கடை ஆட்கள் இரண்டு பேர் குடும்பத்தோடு நின்றிருந்தார்கள். அவர்கள் உன்னைப் பார்த்தார்கள். சும்மாதான் பார்த்திருப்பார்கள், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாங்கள் எப்படிப் பார்ப்போம் என்று எனக்குத் தெரியுமே. "டேய், சட்டையைப் போட்டுட்டுக் குளி. பார்க்க நல்லாவா இருக்கு?" என்று அத்தனை கூட்டத்திலும் கேட்கும்படி கத்தினேன். நீ படியில் அப்படியே நின்றாய். இரண்டு கையையும் குறுக்கே கட்டி நெஞ்சை மூடிக்கொண்டாய். அதுவரை நீ அப்படிக் கை கட்டி நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினாய். மேலே ஏறி வந்தபோது, எதை மறைக்கவேண்டும் என்று நான் கத்தினேனோ அதையெல்லாம் அந்த ஈரச்சட்டை ஒட்டிப்பிடித்து இன்னும் நன்றாகக் காட்டியது. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. பஸ்ஸில் ஈரத்தோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தாய்.

அதற்குப் பிறகு உன்னைச் சட்டை இல்லாமல் நான் பார்க்கவே இல்லை. குளித்துவிட்டு வரும்போதே பொத்தான் எல்லாம் போட்டுக்கொண்டு வருவாய். கரண்ட் போன மே மாதத்திலும் சட்டையோடு தூங்குவாய். கூச்ச சுபாவம், நல்ல பிள்ளை என்று உறவுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என்ன பெருமை!

அந்த வருடம் தீபாவளிக்குக் கடையில் இருந்து கட்பீஸ் எடுத்து வந்தேன். கருநீலம், கோடு போட்டது. தையல்கார மாணிக்கத்திடம் அளவு கொடுக்க உன்னைப் பாலக்கரைக்குக் கூப்பிட்டேன். நீ வரமாட்டேன் என்றாய். சரி என்று உன் பழைய சட்டை ஒன்றை அளவுச் சட்டையாகப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். "வளர்ற பிள்ளை, ரெண்டு இன்ச் விட்டுத் தைங்க. லூசா இருந்தா உடம்பு தெரியாது" என்றேன். அடுத்த தீபாவளிக்கு அந்தச் சட்டைதான் அளவுச் சட்டை. மறுபடியும் இரண்டு இன்ச். அதற்கடுத்த வருடம் அது அளவு, அதற்கு மேல் இரண்டு இன்ச். நீ பிளஸ் டூ முடித்தாய், வளர்த்தி நின்றது. நான் நிறுத்தவில்லை. காலேஜுக்குப் போனாய், அப்போதும் இரண்டு இன்ச். வேலைக்குப் போனபிறகு நீயே அந்தச் சட்டையைக் கொண்டுபோய் ஓசூர் டெய்லரிடம் கொடுத்து, "கொஞ்சம் லூசா" என்று சொல்லியிருக்கிறாய். என்னிடம் கற்ற பாடம்தானே. ஒரு வருடமாவது, ஒரு டெய்லராவது, உன் மேல் டேப்பை வைத்துப் பார்க்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், நீ லீவுக்கு வரும்போது மாடிக் கொடியில் காயும் உன் சட்டைகளை நான் கீழே இருந்து பார்ப்பேன். வருடத்துக்கு வருடம் பெரிதாகிக்கொண்டே போகும். பிள்ளை இப்படிப் பெருத்துக்கொண்டே போகிறானே, யார் பெண் கொடுப்பார்கள் என்று தவித்துப்போவேன். உங்க அம்மாவிடம், "இனிமே அவனுக்கு ராத்திரி சோறு போடாத, ரெண்டு சப்பாத்தி போதும்" என்று சொன்னது நான்தான். அவள் சப்பாத்தி போட்டது உனக்குப் பிடிக்கும் என்பதால் இல்லை. "எனக்குப் புள்ள அப்படியேதான் தெரியிறான்" என்று அவள் எத்தனையோ தடவை சொன்னாள். "நீ பெத்தவ, உனக்குத் தெரியாது. நான் துணிக்காரன், அளவு பார்த்துச் சொல்றேன்" என்று அவள் வாயை அடைத்தேன். ஆறு நாள் லீவுக்கு வந்த பிள்ளை நீ, தட்டில் இரண்டு சப்பாத்தியை வைத்துக்கொண்டு, "போதும்மா, பசிக்கல" என்று எழுந்து போவாய். அதை நினைத்தால் இப்போது எனக்குச் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

போன மாதம் நீ வந்தபோது என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு நாலு சட்டை தைக்கலாம் என்று மாணிக்கம் கடைக்குப் போனோம். நான் வழக்கம்போல அளவுச் சட்டையைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்திருந்தேன். அதை அவரிடம் நீட்டினேன். நீ நடுவில் கை வைத்து, "வேணாங்கண்ணே. ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, எனக்குத் தலை சுத்துது. முதல்ல என்னையே அளந்துடுங்க" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தாய். வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ரோட்டில் பஸ் போய்க்கொண்டிருந்தது. எங்கே நான் மறுபடியும் ஏதாவது கத்திவிடுவேனோ என்று பயந்தேன். நீ சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டாய். கையை உயர்த்தி நின்றாய். மார்பு நாற்பத்து நாலு என்றார் மாணிக்கம். ஒரு தடவைக்கு இரண்டு தடவை அளந்தார். பிறகு சந்தேகம் வந்து அளவுச் சட்டையை விரித்து டேப் வைத்தார். ஐம்பத்தாறு. "அண்ணே, இதுக்குள்ள இன்னொரு ஆளையும் குடி வெக்கலாம் போலருக்கே!" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் பீடி வாங்கப் போவதுபோல வெளியே போய்விட்டேன். பீடியை விட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் நீ ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே நின்று நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், தம்பி. ஐம்பத்தாறு நாற்பத்து நாலு ஆகிவிட்டதே என்ற சந்தோஷத்தில் இல்லை. நீ ஒல்லிப் பையன் இல்லை. வயிறு இருக்கிறது, நெஞ்சில் சதை இருக்கிறது, உயரம் குறைவுதான். அது ஐம்பத்தாறாகவே இருந்திருந்தாலும் நான் அன்று வெளியே போய் நின்றுதான் இருப்பேன். நீ கையை உயர்த்தித் திரும்பினாயே, அப்போது உன் முதுகைப் பார்த்தேன். பெற்ற பிள்ளையின் முதுகை எத்தனை வருடம் கழித்துப் பார்க்கிறேன்! அந்த அகலம், கழுத்தடியில் திரண்டிருந்த அந்தச் சதை, கீழே இறங்க இறங்க விரிகிற இடுப்பு. அது என் அப்பாவின் முதுகு. நீ அவரைப் பார்த்ததில்லை. காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். குள்ளம், அகலம், முன்னால் தள்ளிய வயிறு. இடுப்பில் வேட்டி, தோளில் ஒரு துண்டு, அதற்கு மேல் அவர் எதையும் போட்டு நான் பார்த்ததில்லை. அவர் நடந்து வந்தால் சந்தில் வழி விடுவார்கள். அந்த முதுகில் ஏறி உட்கார்ந்து வெங்காய மண்டி எல்லாம் சுற்றியிருக்கிறேன். இந்த உலகத்திலேயே பலசாலி என் அப்பாதான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்திருக்கிறேன். அதே உடம்பை நீ வாங்கிக்கொண்டு வந்து பிறந்திருக்கிறாய். அவரிடம் பலம் என்று சொன்னதை உன்னிடம் குண்டு என்று சொல்லி, கருநீலக் கோட்டுத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஒரு உடம்பு இப்படி ஒரு தலைமுறையைத் தாண்டி, நான் பார்க்காத நேரத்தில், எனக்குத் தெரியாமல் என் வீட்டுக்குள்ளேயே வளர்ந்து நிற்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இன்னும் அந்தப் பிரமிப்பு தீரவில்லை.

அதைவிடப் பிரமிப்பு நீ செய்த காரியம். நாங்கள் எல்லாரும் இத்தனை வருடம் உன் சட்டையைப் பார்த்துத்தான் யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம். உன் நண்பன், சித்தப்பா, நான், எல்லாரும். ஒருவருக்கும் தோன்றாதது உனக்குத் தோன்றியிருக்கிறது, முதலில் ஆளை அளந்து பார்ப்போம் என்று. இருபத்தாறு வருடம் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றவனுக்குத் தோன்றவில்லையே.

சரி, உன் பட்டியல். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. ஆனால் கடைக்காரன் கண்ணோடு ஒன்று சொல்ல முடியும். யோசனையைக் கேட்பதற்கு முன் சொன்னவரைப் பார். அந்த வீடியோப் பெண்ணின் பேச்சுக்குக் கீழேயே துணி வாங்கும் லிங்க் இருக்கிறது என்று நீயே சொன்னாய். அவள் எங்கள் முதலாளிக்குத் தங்கச்சி என்று வைத்துக்கொள். உன் நண்பன் ஆறடி உயரம், தனக்கு எடுத்ததை உனக்கும் எடுக்கும் என்று நல்ல மனசில் சொல்லியிருக்கிறான். உன் சித்தப்பா பீரோவில் அவர் மகன் கல்யாணத்துக்கு எடுத்த ஷெர்வானி ஒன்று மூன்று வருடமாகத் தொங்குகிறது, அதற்கு ஒரு வழி பண்ணப் பார்க்கிறார், பாவம். அதற்காக எல்லாமே பொய் என்றும் சொல்லமாட்டேன். தோள் தையல் தோளில்தான் நிற்கவேண்டும். கையைத் தூக்கினால் சட்டை மேலே ஏறிவரக் கூடாது. உட்கார்ந்தால் பொத்தான் இழுக்கக் கூடாது. இதெல்லாம் துணியும் உடம்பும் பேசி முடிவு செய்வது, இதில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. போட்டுப் பார், உட்கார், எழுந்திரு, குனி, ஒரு வாய் சாப்பிட்டுப் பார். போட்டிருப்பதே உடம்புக்கு மறந்துபோனால் அது நல்ல துணி. ஒளித்து வை, மறைத்து வை, குறைத்துக் காட்டு என்று ஆரம்பிக்கிற யோசனை எதுவாக இருந்தாலும், அதைச் சொல்பவர் நானாகவே இருந்தாலும், கேட்டுக்கொண்டே வேறு பக்கம் பார்.

பெண் வீட்டிலிருந்து, வரப்போகிற மருமகள் மீனாவே போன வாரம் உங்க அம்மாவிடம் போனில் பேசினாள். உனக்குச் சொன்னாளோ என்னவோ. உங்க அம்மா இதே கேள்வியை அவளிடம் கேட்டாள். "அவர் எதை வேணா போட்டுக்கட்டும் அத்தை. ஹோமத் தீ முன்னாடி ரெண்டு மணி நேரம் உக்காரணும். வைகாசி வெயிலு, புகை வேற. நான் பட்டுப்புடவைல வெந்துடுவேன். அவராவது காத்தோட்டமா உக்காரட்டுமே" என்று சொன்னாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை பேரில் உன் உடம்புக்குப் புழுக்குமே என்று யோசித்தது அந்தப் பெண் ஒருத்திதான். பட்டியலில் அதையும் குறித்துக்கொள். எனக்கென்னவோ அதை முதலில் எழுதலாம் என்று தோன்றுகிறது.

இப்போது என் பதில். எனக்கு ஆசை என்னவென்று கேட்டால், நீ சட்டை இல்லாமல் உட்காரவேண்டும். ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் நம் சொந்தபந்தம் அத்தனை பேரும், படித்துறையில் நின்ற என் கடை ஆட்களும், வந்து பார்க்கவேண்டும். என் பிள்ளையின் தோளைப் பாருங்கள் என்று எனக்குக் கத்தவேண்டும் போலிருக்கிறது. ஆனால் இது என் ஆசைதான். இதை நீ யோசனையாக எடுத்துக்கொள்ளாதே. சட்டையைப் போடு என்று ஒரு தடவை கத்தி உன்னைப் பதினேழு வருடம் போர்த்தி வைத்த எனக்கு, சட்டையைக் கழற்று என்று இன்னொரு தடவை கத்துவதற்கு உரிமை இல்லை. கூச்சமாக இருந்தால் மாணிக்கம் நாற்பத்து நாலுக்குத் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக உட்கார். அதுவும் எனக்குப் போதும். நான் சொன்னதற்காக எதையும் போடாதே, நான் சொன்னதற்காக எதையும் கழற்றாதே. அந்த ஆடிப் பதினெட்டுக்கு என்னை மன்னித்துவிடு. இதை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதுவும் கட்டாயம் இல்லை. முகூர்த்தத்தன்று விடியற்காலையில் உன் தாய்மாமா உனக்குத் தலையில் எண்ணெய் வைப்பார். வைத்துவிட்டு அவர் பந்தி வேலையைப் பார்க்கப் போய்விடுவார். நான் வெந்நீரை எடுத்து வந்து குளியலறையில் வைத்துவிட்டு, சீயக்காயோடு கதவுக்கு வெளியே நிற்கிறேன். முதுகு தேய்த்துவிட ஆள் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், "அப்பா" என்று ஒரு குரல் கொடு. கதவைத் திறக்கத் தோன்றாவிட்டால் பரவாயில்லை, நீயே குளித்துவிட்டு வா. நான் அங்கேயேதான் நிற்பேன்.

உன் அப்பா